ஆணியில் இல்லாத கோல்

எங்க நாகலிங்கண்ணன் ரப்பர் தோட்டத்துல ட்ரொலி ஓட்டுறவர். கேகாலைப் பக்கம் எங்க தோட்டம். மனுசன் வாயே தொறக்க மாட்டார், யாரு வம்புக்கும் போக மாட்டார். ஆனா கோல் விசயத்துல மட்டும் சாமியே எறங்கி வந்து சொன்னாலும் கேக்க மாட்டார். அந்தப் பிடிவாதத்த நெனச்சா எனக்கு இன்னைக்கும் வயிறு எரியுது.

கோல்னா என்னன்னு சொல்றேன். ஒரே தோட்டமா இருந்தத மேல் தோட்டம், கீழ் தோட்டம்னு பிரிச்சு ரெண்டு கொம்பனிக்குக் குடுத்தாங்க. பெக்டரியும் அதுக்குப் போற தண்டவாளமும் கீழ் தோட்டத்துப் பங்குக்குப் போயிருச்சு. அப்ப எங்க மேல் தோட்டத்து ரப்பர் பால் எப்படிப் போறது? வாடகை குடுத்து அவங்க தண்டவாளத்துலயே எங்க ட்ரொலியும் ஓடலாம்னு ஒப்பந்தம் போட்டாங்க. அண்ணனும் சேர்ந்து பதிச்ச தண்டவாளம் அது! அதுல போக அவரே கைகட்டி நிக்கணும். நல்லா இருக்குல்ல நியாயம்?

ஒத்தத் தண்டவாளம், நடுவுல விலக எடமில்ல. அதனால எங்க லைன் அவங்க லைனோட சேர்ற சந்தியில ஒரு கம்பம் நட்டு, ஆணியில பச்சக் கோல் ஒண்ணு மாட்டியிருக்கும். கோல எடுத்தவருக்குத்தான் பாதை. வேல முடிஞ்சா, கடைசியா எடுத்தவர் நடந்து வந்தாவது மாட்டிட்டுப் போகணும். ஆணியில கோல் இல்லன்னா உள்ள ட்ரொலி இருக்குன்னு அர்த்தம். இந்த வழக்கத்த தொரைமார்கிட்ட நின்னு சாதிச்சதே அண்ணன்தான். ஏன்னா ஒரு மழ நாள்ல, "இந்த மழையில எவன் எதிர்ல வரப்போறான்"னு ட்ரொலியில கீழ எறங்குன அவர் தம்பி, எதிர்ல வந்த ட்ரொலியில மோதிச் செத்தான். அள்ளிக்கிட்டு வந்தது இவர் கைதான்.

போன நவம்பர் மழையில ரோட்டுல மண் சரிஞ்சு அடைச்சிருச்சு. போன்லயும் சிக்னல் இல்ல. அன்னைக்குப் பார்த்து அவர் மக விஜயகலாவுக்கு வலி எடுத்துச்சு. தலப்பிரசவம், புருசன் கொழும்புல. பக்கத்து வீட்டுக்காரி நான் வயித்தத் தொட்டதுமே தெரிஞ்சு போச்சு, புள்ள குறுக்கால கெடக்கு. கீழ பெக்டரிக்குப் பக்கத்துல இருக்குற ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும், தண்டவாளம் ஒண்ணுதான் வழி.

பால் கேன எல்லாம் எறக்கி, கம்பிளிய விரிச்சு, அவள ட்ரொலியில படுக்க வச்சோம். சந்திக்கு வந்தா ஆணியில கோல் இல்ல.

அண்ணன் பிரேக்கப் போட்டுட்டு எறங்கிட்டார்.

"அண்ணே, மழையில எவன் பால் வெட்டுவான்? லைன் காலியாத்தான் இருக்கும், விடுங்க!"ன்னு கத்துனேன்.

"தம்பியும் இதத்தான் சொன்னான், தங்கச்சி."

"ஐயோ, புள்ள துடிக்கிறாளே, உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா?"

"மோதுனா மூணு பேரும் போயிருவோம். கோல் வரட்டும்."

தூக்கிக்கிட்டு நடக்கவும் வழியில்ல. கீழ ஆத்துப் பாலத்துல பலக கெடையாது, வெறும் கட்டைங்கதான், அடியில வெள்ளம். விஜயகலா மொதல்ல கத்துனா. பொறகு அப்பா அப்பான்னு மொனகுனா. அவர் தண்டவாளத்துல காத வச்சு வச்சுக் கேட்டார். மழச் சத்தத்துல என்னத்தக் கேக்குறது? கடைசியில, "நீ இவளப் பார்த்துக்க"ன்னு சொல்லிட்டு தண்டவாளத்தோடவே கீழ ஓடுனார்.

வழியெல்லாம் லைன் காலி. ஒரு ட்ரொலியும் இல்ல. கீழ் தோட்டத்து ட்ரொலி பெக்டரி ஷெட்டுக்குள்ள பூட்டிக் கெடக்கு. கோல், ஒப்பீஸ் மூலையில குடைங்களோட சாத்தி வச்சிருக்கு. அவங்க ட்ரொலிக்காரர் சிறிபால தலையில கைய வச்சுக்கிட்டாராம். "அனே, ஐயோ நாகலிங்கம், நேத்து பின்னேரம் மழ கொட்டுச்சு. இந்த மழையில யாரு வரப்போறாங்கன்னு நான் மேல ஏறி வரல்ல"ன்னு அழுதாராம். நல்ல மனுசன்தான் அவரும். யாரப் போய் திட்டுறது?

அண்ணன் கோலோட ஏறி வந்தப்ப அவருக்கு மூச்சே இல்ல. ட்ரொலிய விட்டார். ஆஸ்பத்திரியில வயித்த அறுத்து எடுத்தாங்க. ஆம்பளப் புள்ள. அழவே இல்ல. கொஞ்சம் முந்திக் கொண்டாந்திருக்கலாமேன்னு நர்ஸம்மா சொன்னத அவர் செவுத்தப் பார்த்துக்கிட்டே கேட்டார்.

விஜயகலா பொழச்சா. ஆஸ்பத்திரியில துண்டு வெட்டி அவள வீட்டுக்கு அனுப்புனப்பவும் ரோட்டுல மண் அள்ளி முடியல. திரும்பி வரவும் அதே ட்ரொலிதான். நான் பக்கத்துல குந்திக்கிட்டேன். பெக்டரியில விட்டுட்டுப் போயிருந்த கோல சிறிபால தொடச்சு ரெண்டு கையாலயும் நீட்டுனார். அண்ணன் கைய நீட்டவே இல்ல. பிரேக்கப் பிடிச்சுக்கிட்டு, தலையக் குனிஞ்சு, சின்னப் புள்ள மாதிரித் தேம்பித் தேம்பி அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்ல, தம்பிய எடுத்த அன்னைக்குக்கூட.

விஜயகலாதான் கைய நீட்டி அத வாங்குனா. வெறும் மடியில குறுக்கால வச்சுக்கிட்டு, சேலத் தலப்ப இழுத்து மழ படாம மூடுனா.

"போங்கப்பா"ன்னா. "இப்பதான் கோல் இருக்கே."