பட்டறை ரோட்டு வாகைக்கு விழுந்த சிவப்பு

நான் எட்டாவதோடு நின்றவள். செல்போனில் எழுதச் சொன்னால் இன்றைக்கும் கை வேர்க்கும். சங்ககிரியில் ரோட்டோர மரங்களுக்குத் தண்ணீர் விடும் வேலைக்குச் சேர்ந்தபோது, தண்ணீர் விட்டால் மட்டும் போதாது, மரத்தைப் படம் பிடித்து ஆப்பில் ஏற்றணும் என்றார்கள். நன்றாக இருந்தால் மேப்பில் பச்சைப் புள்ளி, வாடினால் மஞ்சள், பட்டுப்போனால் சிவப்பு.

எழுத வராவிட்டால் பேசுங்கள், அதுவே எழுதிக்கொள்ளும் என்று எங்கள் சூப்பர்வைசர் பெண் மைக்கைத் தொட்டுக் காட்டினாள். வீட்டுக்காரர் போர் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். பேசினாலும் "சாப்ட்டயா? செரி, வெச்சர்றேன்" அவ்வளவுதான். அதனால் அந்த மைக்கிடம் தேவைக்கு மேலேயே பேசினேன். "இன்னைக்கு வெயில் சாஸ்திங்க. இந்த வேம்புக்குக் கொஞ்சம் சேத்தி ஊத்தியிருக்கறனுங்க." கேட்க ஆள் இல்லையென்று தெரியும். இருந்தாலும் 'ங்க' போடாமல் எனக்குப் பேச வராது.

லாரிப் பட்டறை ரோட்டில் ஒரு வாகை. அதன் அடியில்தான் மத்தியானச் சோறு தின்பேன். மாசியில் இலையெல்லாம் கொட்டி, காய்ந்த காய்கள் மட்டும் கலகலவென்று ஆட நிற்கும். வழக்கம்போலப் படம் ஏற்றினேன். இலை இல்லாததைப் பார்த்து, பட்டுப்போனதென்று சிவப்பு விழுந்துவிட்டது. சிவப்பு விழுந்த மரத்தை வெட்ட மெஷின் வரும். அவசரமாக மைக்கைத் தொட்டு, "இந்த வாகைய உட்டுருங்க, பாவம்" என்று சொல்லி அனுப்பினேன். அது என்ன எழுதியது என்று எழுத்துக் கூட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் சூப்பர்வைசர் போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, மெஷின் அங்க வந்துருச்சுங்களா?"

"எதுக்கு சாமி?"

"நீங்கதானுங்க்கா போட்டிருக்கீங்க, 'வாகையை வெட்டிருங்க பாவம்'னு. மரம் ரொம்பக் கஷ்டப்படுதாட்ட இருக்குதுன்னு நானும் ஓகே பண்ணிட்டேன்."

நாங்கள் வீட்டை ஊடு என்போம், விட்டுவிடுங்கள் என்பதை உட்டுருங்க என்போம். மைக்குக்கு அது பிடிபடவில்லை போல. தனக்குத் தெரிந்த ஒன்றைப் போட்டுக்கொண்டது. விட்டிருங்கவுக்கும் வெட்டிருங்கவுக்கும் ஒரு கொம்புதானே வித்தியாசம்.

குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். நான் போவதற்குள் ரோட்டுப் பக்கத்துக் கிளை தரையில் கிடந்தது.

"நிறுத்துங்க! ஏனுங்க, நிறுத்துங்க!"

மேலே நின்ற மெஷின்காரர் எட்டிப் பார்த்தார். "வெட்டச் சொன்னதும் நீங்கதானாமா. இப்ப ஒப்பாரி வெக்கறதும் நீங்கதானா?"

பட்டறைக்காரர்கள் சிரித்தார்கள். சூப்பர்வைசர் இன்னும் லைனில் இருந்த போனை, இறங்கி வந்தவரிடம் நீட்டினேன். சூப்பர்வைசர் அவரிடம் பேசி மெஷினை நிறுத்தினாள். அப்புறம் என்னிடம், "செகப்ப என்னால மாத்த முடியாதுங்க்கா. பச்ச எலையோட படம் வந்தாத்தான் மாறும். அதுவரைக்கும் தினமும் போட்டுக்கிட்டே இருங்க. சீக்கிரம் வரோணும், மேல கேட்டா நான் என்ன சொல்றது?" என்றாள்.

பாதி வெட்டின மரம் தழையுமா? அந்தக் கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் போய்க் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். துளிர் மாதிரித் தெரிந்து கிட்டப்போனால் காய்ந்த காயாக இருக்கும். என் ராசிக்கு இது பட்டுத்தான் போகும் என்றே நினைத்தேன். பங்குனியில் ஒரு நாள் நுனியெல்லாம் இளம்பச்சை. படம் எடுத்தேன். மஞ்சள். இன்னும் சில நாளில் பச்சை. பட்டறை வாசலில் நின்று அழுதுவிட்டேன். யாரும் ஏனென்று கேட்கவில்லை.

மறுநாள் ஆப்பைத் திறந்தால் என் ரூட்டில் வாகை இல்லை. பச்சையான மரத்துக்கு மாதம் ஒரு தரம் போனால் போதுமாம். அதற்குப் பதிலாகப் பைபாஸ் ஓரத்தில், புதிதாக நட்ட செடிகள் மஞ்சளும் சிவப்புமாகக் காட்டின. அங்கே உட்கார நிழல் இல்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தேன்.