ஜானட்டின் இரண்டாவது ஓலை

எல்சிக்கு வாய் அடங்காது என்று ராயபுரம் முழுக்கப் பேர். எம்.கே.பி. நகரில் தெருத்தெருவாக மீன் விற்கிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் கூடை காலியாகுமா? அப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஆறு மாதம் தொண்டையிலேயே வைத்திருந்தாள்.

மகன் ஜெரினுக்குப் பதினொரு வயது. ஐந்து வயதில் முட்டியைப் பிடித்துப் பிடித்துப் படியேறியவன், இப்போது சக்கர நாற்காலியில். தசை கரைகிற நோய். பேரைக் கேட்டதுமே புருஷன் கழன்றுகொண்டான். ஆறு மாதத்துக்கு முன் அம்மா, பிள்ளை இரண்டு பேருக்கும் ரத்தப் பரிசோதனை முடிந்து டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். உடம்பு தன்னைத்தானே நகல் எடுக்கிறபோது மரபணுவில் ஒரு துண்டு விட்டுப்போகும், ஓர் எழுத்து மாறிப்போகும். எல்லோருக்குள்ளும் அப்படிச் சில மாற்றங்கள் உண்டு. பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. சில, ஒருவரை இன்னொருவரைப் போல இல்லாமல் ஆக்கும். சில, இப்படிப் பிள்ளையையே உருக்கிவிடும்.

"அது உங்ககிட்ட இருக்கும்மா. உங்களை ஒண்ணும் பண்ணல, பையனுக்குப் போயிடுச்சு. உங்க தங்கச்சிக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கூட்டிட்டு வாங்க, பாத்துடலாம்."

எப்படிக் கூப்பிடுவாள்? தங்கச்சி ஜானட், அம்மா செத்தபின் எல்சி வளர்த்த பிள்ளை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் டெரிக்கோடு கல்யாணம் நிச்சயமாகி, தரையில் கால் படாமல் திரிந்துகொண்டிருந்தாள். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று எல்சி தள்ளிக்கொண்டே போனாள்.

மாதா கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பெண் மாப்பிள்ளை பெயரைப் பூசையில் வாசிப்பார்கள். தடை ஏதாவது தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் பாவம். முதல் ஓலைக்கு எல்சி தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டாவது ஓலைக்கு முடியவில்லை. பூசை முடிந்ததும் சாமியார் அறைக்கு ஓடினாள்.

"தடை ஒண்ணு கீது ஃபாதர். எங்க ரத்தத்துல கோளாறு. ஜானட்டுக்குப் பொறக்கிறதும் என் புள்ளை மாதிரி ஆயிடும்."

"கோயில் கேக்கற தடை இது இல்லம்மா," என்றார் சாமியார். "ஏற்கனவே கல்யாணம் ஆனவங்களா, கிட்டத்துச் சொந்தமா, அதைத்தான் கேக்கறோம். இதை நீ ஜானட்கிட்ட சொல்லு."

சொல்லத்தான் கிளம்பினாள். திரும்பினால், அடுத்த பூசையில் வேண்டிக்கொள்ளப் பேர் கொடுக்க வந்த டெரிக்கின் அம்மா வாசலில் நிற்கிறாள். எல்லாம் கேட்டாயிற்று.

சாயங்காலத்துக்குள் கல்யாணம் வேண்டாமென்று ஆள் வந்துவிட்டது. டெரிக் போனையே எடுக்கவில்லை, கட்டையில போறவன். மூன்றாவது ஓலை வாசிக்கப்படவே இல்லை.

ஜானட் அழவில்லை. தானே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்தாள். ஆறு வாரத்தில் முடிவு வந்தது. அவளுக்கு அது இல்லை. அம்மாவிடமிருந்து வராமல், எல்சியிடமே புதிதாக ஆரம்பித்திருக்கவும் கூடும் என்றார் டாக்டரம்மா. தன் ஒருத்திக்குள் நடந்ததைத் தங்கச்சி தலையிலும் கட்டிவிட்டாளே, பாவி.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு எல்சி டெரிக் வீட்டுக்கு ஓடினாள். அவனுக்கு எண்ணூர்ப் பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். உள்ளே வா என்று செருப்பைக்கூடக் கழற்றச் சொல்லவில்லை.

வீட்டில் ஜானட், கை தூக்க முடியாத ஜெரினுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"வேற பொண்ணு பாத்துட்டாங்க, அதானே? தெரியும். அவன் போனா போறான்க்கா." ஒரு வாய் ஊட்டினாள். "ஒரே பாய்ல படுத்துகினு, ஒரே சட்டில துன்னுகினு ஆறு மாசம் இருந்தியே. கோயிலுக்குச் சொன்ன. எங்கிட்ட சொல்லல."

"உன் மனசு நோவக்கூடாதுன்னுதான் ஜானட்."

"சொல்லிருந்தா அன்னிக்கே டெஸ்ட் எடுத்திருப்பேன். இல்லைன்னு வந்திருக்கும். சிரிச்சிகினே கல்யாணம் பண்ணிருப்பேன்."

ஜானட் அடுத்த வாய்க்குச் சோற்றைப் பிசைந்தாள்.

"ஒசூர்ல ஒரு கம்பெனில வேலை கெடச்சிருக்கு. ஒண்ணாந்தேதி போறேன். இனிமே இவனைக் குளிக்கத் தூக்கறதுக்கு ஆள் பாத்துக்கோ."

எல்சி தடுக்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு தடுப்பாள்? தட்டை வாங்கிக்கொண்டு மகன் முன்னால் உட்கார்ந்தாள். அடுத்த வாயை ஊட்டப் போனபோது, "சித்தி ஊட்டட்டும்மா, இன்னும் கொஞ்ச நாள்தானே," என்றான் ஜெரின்.