முகம் நிரம்பியிருந்த மாதங்கள்

போன ஞாயிறு லண்டன் குட்மேய்ஸில் ஒரு பிறந்தநாள் விழா. கைக்குழந்தையோடு ஹோலுக்குள் நுழைந்து இன்னும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை...

"ஏன் பிள்ளை இப்பிடி வாடிப்போனாய்? வயித்திலை பிள்ளை இருக்கேக்கை என்ன வடிவாய் இருந்தனீ! ஏதும் வருத்தமோ?"

கேட்டவரை எனக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் பக்கத்து மேசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினேன்.

"பால் குடுக்கிறவள் மெலியாமல் ஊதியே கிடப்பாள்? உங்கடை ரோல்ஸ் ஆறுது, சாப்பிடுங்கோ!"

குரல் கொடுத்தவர் மங்களம் அன்ரி. எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி இருப்பவர். அவர் சொன்ன காரணம் பொய். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உண்மை இதுதான். எனக்குப் பிளேட்லெட் குறைவு. இரத்தம் உறைய உதவுகிற அந்தச் சின்னத் துணுக்குகளை என் உடம்பே அழித்துவிடுகிறது. கலியாணத்துக்குப் பிறகு லண்டனில்தான் கண்டுபிடித்தார்கள். முற்றாகக் குணமாகிற வருத்தம் இல்லை. பார்த்துப் பார்த்து வைத்திருக்க வேண்டியது.

கர்ப்பமானதும் அடிக்கடி இரத்தப் பரிசோதனை. தலையிடித்தாலும் அஸ்பிரின் கூடாது. காலையில் ஸ்டீரொய்ட் குளிசை — நானாக அதை நிறுத்தவே கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பிள்ளைக்கும் குறைந்துவிடுமோ? பிறக்கும்போது இரத்தம் நிற்காமல் போகுமோ? ஒவ்வொரு முறையும் ரிசல்ட் வரும்வரை டெலிபோனையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

வெளியில் ஒருவருக்கும் சொல்லவில்லை. கொழும்பில் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். இது பரம்பரையாக வருவது அபூர்வம் என்றுதான் டொக்டர் சொன்னார். ஊர்க்கதைக்கு அது தெரியுமா?

குளிசை இன்னொரு வேலையும் செய்தது. என் முகம் ஊதியது. சனம் அதைக் கொண்டாடியது! மங்களம் அன்ரி தன் மருமகள் வதனியைக் கையோடு எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார். வதனிக்கு ஐந்தாம் மாதம். எதைச் சாப்பிட்டாலும் சத்தி, வயிற்றில் ஒன்றும் தங்காது.

"பார் இவளின்ரை முகத்தை, பூரணை நிலா மாதிரி! நீயும் இருக்கிறாய், காய்ஞ்ச முருங்கைக்காய். பிள்ளை, என்ன சாப்பிடுறனீ எண்டு இவளுக்கு ஒருக்காச் சொல்லு."

பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்லாமலிருக்க எனக்கு வராது. "உளுத்தங்களி..." என்றேன். அதைத் தொட்டே மாதக்கணக்காகியிருந்தது.

சொல்லியிருக்கக் கூடாதோ என்று அன்றிரவே யோசித்தேன். யோசித்து என்ன? பிறகு ஒருநாள் ஈஸ்ட் ஹாம் கடையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே வதனி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மூண்டு நேரமும் களிதான். மணத்தாலே சத்தி வருது. உங்களை மாதிரி முகம் வராட்டில் பிள்ளைக்குச் சத்து இல்லையாம்... உண்மையோ?"

கண் கலங்கியிருந்தது. தங்கச்சியின் வயதுதான் இவளுக்கும்.

கார்டிகன் கையை மேலே இழுத்தேன். இரத்தம் எடுத்த இடம் கத்தரிக்காய் நிறத்தில் பரவிக் கிடந்தது. "இது சத்தில்லை வதனி. என்ரை முகம் குளிசையாலை ஊதினது. உன்ரை பிள்ளை நல்லா வளருது எண்டு கிளினிக்கிலை சொல்லுகினமெல்லே? அதை நம்பு."

பின்னால் கூடையோடு அன்ரி. என் கையை முறைத்துப் பார்த்தார்.

"உன்ரை மனுசன் கை நீட்டுறவரோ?"

"ஐயோ அன்ரி, அவர் கோழி வெட்டவே கண்ணை மூடுறவர்!"

எல்லாவற்றையும் சொன்னேன். அன்ரி கூடையிலிருந்த உளுத்தம்மா பக்கற்றை எடுத்துக் கடைத் தட்டிலே திரும்ப வைத்தார். பிறகு என் கார்டிகன் கையைத் தானே கீழே இழுத்துவிட்டார்.

"வேறை ஒருத்தருக்கும் சொல்லாதை. தங்கச்சி இருக்கிறாளெல்லே."

மகன் பிறந்தான். எனக்கு இரத்தப்போக்கு அளவோடு நின்றது. தொப்புள்கொடியில் எடுத்த அவன் இரத்தமும் நல்லது என்றார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோதும் நல்லதுதான். டெலிபோனை வைத்துவிட்டு அவனை முகர்ந்துகொண்டே இருந்தேன். இப்போது டொக்டர் சொன்னபடி குளிசை மெதுவாகக் குறைகிறது. முகமும் என் பழைய முகமாகிறது. அதைத்தான் 'வாடிப்போனாய்' என்கிறார்கள்.

இதைப் பேப்பருக்கு எழுதலாமா வேண்டாமா என்று குழம்பி, கடைசியில் தங்கச்சிக்கே போன் எடுத்துக் கேட்டேன்.

"எழுதுங்கோ அக்கா. இதுக்கு ஓடுற மாப்பிள்ளை இப்பவே ஓடட்டும். தேத்தண்ணிச் செலவாவது மிச்சம்."

நிறைந்த முகத்தைப் பார்த்து யாரையும் புகழுமுன், ஒருமுறை 'சுகமோ?' என்று கேட்டுவிடுங்கள். பதிலுக்கும் கொஞ்சம் காத்திருங்கள்.

மங்களம் அன்ரிக்கு மட்டும் நான் எழுதியதைச் சொல்லவில்லை... எனக்காக ஹோல் முழுக்கக் கேட்கப் பொய் சொன்னவர், பாவம், ஞாயிற்றுக்கிழமை பேப்பரைத் திறக்கும்போதுதான் அறிவார்!