வாப்பாவின் சாரனில் ஒரு சதுரம்

ஆறு வயதுப் பிள்ளைகள் இருபத்துநாலு பேரின் கையில் ஊசியைக் கொடுத்தவள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. அட்டாளைச்சேனையில் ஆசிரியப் பயிற்சி முடித்து, கல்முனைக்குடியில் கடலுக்குக் கிட்ட இருந்த ஒரு சின்னப் பாடசாலையில் முதலாம் வகுப்பு கிடைத்திருந்தது. சூறாவளி அதன் கூரையைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு வருடமாகியிருந்தது. புதுத் தகரம் போட்டார்கள், தரையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சீமெந்து பெயர்ந்து குழி குழியாகக் கிடக்கும், குழிக்குள் கடல் மண். மாரியில் அந்தத் தரையில் கதை கேட்க உட்காருங்கள் என்றால் பிள்ளைகள் ஈரத்தில் நிற்கும் கோழி மாதிரி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். பாடசாலை அதிபரிடம் பாய் கேட்டேன். மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறதாம். எழுதிப் போட்டது வருவதற்குள் இந்தப் பிள்ளைகளுக்குக் கல்யாணமே முடிந்துவிடும் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது.

அந்தக் கோபத்தில்தான் துண்டுப் போர்வை யோசனை வந்தது. எங்கள் பக்கம் பிள்ளை பிறந்தால், ஆண்கள் இடுப்பில் உடுத்துகிற சாரன்களில் பழையவற்றை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுப் படுக்கைத் துணி செய்வார்கள். அதையே பெரிதாகச் செய்தால் என்ன? கோதுமை மா வரும் வெள்ளைத் துணிச் சாக்கைக் கழுவி மடித்தால் ஒரு பிள்ளை சம்மணம் கொட்டி உட்காரும் அளவு கட்டம் வரும். அதன்மேல் தையல்கடைத் துண்டுகளைப் பிள்ளைகளே வைத்துத் தைக்கட்டும். இருபத்துநாலு கட்டத்தையும் நான் மெஷினில் இணைத்துவிட்டால் வகுப்பு முழுக்க அதில் உட்காரலாம்.

அதிபர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"ஊசியா? ஆம்பிளப் புள்ளையளுக்குமா?"

"நீங்க போட்டிருக்கிற சேர்ட்ட ஆர் தைச்ச, சேர்?"

"கடைத்தெரு டெய்லர்."

"அவர் ஆம்பிளயா, பொம்பிளயா?"

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "சரி, செய்ங்க. ஆனா ஒரு வீட்டில இருந்து ஒரு முறைப்பாடு வந்தாலும் அண்டைக்கே நிப்பாட்டிடணும். சொல்லிட்டன்."

சாக்கு தைக்கிற பெரிய ஊசிகள் வாங்கி, வீட்டு அம்மியில் உரசி முனையை மழுக்கினேன். சம்பலில் இரும்பு மணக்கிறது என்று உம்மா ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. முதல் வாரம் துணியே கிடையாது. சவர்க்காரப் பெட்டி அட்டையில் ஓட்டை போட்டு, அதில் நூலை ஏற்றி இறக்கப் பழக்கினேன். உட்கார்ந்தால்தான் ஊசி, எழும்பினால் ஊசி என் கைக்கு வந்துவிட வேண்டும். அது ஒன்றுதான் சட்டம். தையல் நடந்த மூன்று வாரத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் ஊசி குத்தியது. அது நான்தான்.

பிள்ளைகளுக்கு ஏலாது என்று சொன்னவர்கள் வந்து பார்த்திருக்க வேண்டும். நாக்கைக் கடித்துக்கொண்டு, மூக்கு துணியில் முட்ட, ஒரு சத்தம் இல்லாமல் தைப்பார்கள். மணி அடித்தாலும் எழும்ப மாட்டார்கள். "டீச்சர், முடிச்சு போட்டிட்டன்" என்று ஒருவன் சொல்லும்போது எனக்குச் சம்பளம் கிடைத்த மாதிரி இருக்கும்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. கெடுத்தவள் நான்தான். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் பிள்ளையின் சொந்த வீட்டுத் துணி இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. உள்ளங்கை அளவில் ஆளுக்கொரு சதுர அட்டை வெட்டிக் கொடுத்து, "வீட்டில உங்களுக்கு ஆகலும் விருப்பமான ஆள்ட துணியில, இந்த அட்டை அளவுக்கு ஒரு துண்டு கொண்டு வாங்க" என்றேன். பழைய துணி என்று சொல்ல மறந்துவிட்டேன்.

அடுத்த நாள் கிழிந்ததும் நைந்ததுமாகத் துண்டுகள் வந்து சேர்ந்தன. ஒரு பிள்ளையின் துண்டு மட்டும் தனியாகத் தெரிந்தது. அவனுடைய வாப்பா கரைவலைத் தோணிக்காரர். துண்டு பக்கத்து ஊர் மருதமுனை நெசவு, கடும் காப்பி நிறம், நாலு மூலையும் அட்டை மாதிரியே நேராக வெட்டியிருந்தது. வலைக் கத்தியால் வெட்டினானாம். நான் அதை உயர்த்திப் பிடித்து, "எல்லாரும் பாருங்க, வெட்டினா இப்பிடி வெட்டணும்" என்று வகுப்புக்கே காட்டினேன். அவன் அன்றே அதைத் தன் கட்டத்தின் நடுவில் தைத்துவிட்டான்.

இரண்டு நாள் கழித்து வெள்ளிக்கிழமை. அவனுடைய வாப்பாவுக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஒரு கல்யாண விருந்து இருந்ததால், பெருநாளுக்கு எடுத்துப் பெட்டியில் மடித்து வைத்திருந்த சாரனை உடுத்தியிருக்கிறார். அதற்குள் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்லிவிட்டார்கள். அவசரத்தில் சைக்கிளில் ஏறிப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். குத்பாப் பிரசங்கம் முடிந்து எல்லோரும் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நின்ற நேரத்தில், பின்வரிசையில் நின்றவர் குனிந்து, அண்ணனைக் கூப்பிடும் முறையில் காதில் சொல்லியிருக்கிறார்: "காக்கா, சாரன் பின்னால ஓட்டை."

சின்ன ஓட்டை இல்லை. முழங்காலுக்கு மேலே, உள்ளங்கை அளவில் ஒரு சதுரம். அந்த இடம் திறந்திருந்தால் தொழுகை கூடாது. மற்றவர்கள் தக்பீர் சொல்லிக் கை கட்டித் தொழத் தொடங்கும்போது, அந்த மனுஷன் ஒரு கையைப் பின்னால் வைத்து ஓட்டையைப் பொத்திக்கொண்டு, வரிசைகளை விலக்கிக்கொண்டு வெளியே வந்திருக்கிறார். பின்னேரத் தொழுகையான அஸருக்கு முன்னமே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கும் செய்தி வந்தது.

விடுமுறை முடிந்து பாடசாலை திறந்த அன்று காலையிலேயே அவனுடைய வாப்பா வந்துவிட்டார். சாரனைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். பின்னால் அதிபர். கடற்கரையில் கத்திக் கத்திக் கரகரத்த குரல் வாப்பாவுக்கு, ஆனால் அன்று கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"டீச்சர், கடலுக்குப் போற மனுசன் நான். கிழமையில எனக்கு இரிக்கிறது ஒரு ஜும்ஆ. அதுவும் போயிட்டு."

"பழைய துணி எண்டு நான் சொல்லல்ல. பிழை என்ட. புள்ளைக்கு அடிக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன்.

அதிபர் விடவில்லை. "முறைப்பாடு வந்திட்டு, டீச்சர். அவர்ட துண்டப் பிரிச்சுக் குடுங்க. அவர் டெய்லர்க்கிட்டக் குடுத்துப் போட்டுக்கொள்ளட்டும். இந்தத் தையல் வேலையும் இண்டையோட சரி."

பதினெட்டுக் கட்டம் இணைத்தாகிவிட்டது. இன்னும் ஆறு கட்டம்தான் பாக்கி. நான் கத்தரிக்கோலை எடுத்தேன். இருபத்துநாலு பிள்ளைகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பிரிக்காதீங்க டீச்சர்." அவன்தான் சொன்னான். "நான் வாப்பாட சாரனப் பொத்தித் தாறன்."

வாப்பா மகனைப் பார்த்தார். "ஏன்டா, ஊட்டில வேற துணி இல்லையா? என்ட சாரனா கிடைச்ச?"

"ஆகலும் விருப்பமான ஆள்ட துணி எண்டு டீச்சர் சொன்ன."

அவர் சாரனை விரித்து மகனின் மடியில் போட்டார்.

துணி மூட்டையிலிருந்து நான் ஒரு கறுப்புத் துண்டை எடுத்துக் கொடுத்தேன். காப்பி நிறத்தில் அது தெரியாது. வாப்பாவும் "ஓம், அதப் போடு" என்றார். அவன் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மூட்டைக்குள் கையை விட்டு நல்ல சிவப்புத் துண்டு ஒன்றை இழுத்தான்.

"இது தெரியுமேடா" என்றார் வாப்பா.

"தெரியணும்" என்றான்.

அவர் முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டை வாங்குப் பலகையில், முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்துகொண்டு பார்த்தார். வாழ்நாள் முழுக்க வலை பொத்தியவர். என் மாணவனின் தையலுக்கு அவரைவிடக் கடுமையான பரீட்சைக்காரர் இந்தக் கரையில் இருக்க முடியாது. நான் கிட்டவே போகவில்லை. போனால் கை கொடுத்துவிடுவேன், பிறகு அது அவன் வேலையாக இருக்காது. ஓரத்தை உள்ளே மடித்து நாலு பக்கமும் சுற்றி வந்தான். முப்பத்தொரு தையல். ஒன்று கோணல். கடைசியில் முடிச்சைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து, சட்டம் மறக்காமல் ஊசியை என் கையில் கொண்டுவந்து தந்தான்.

வாப்பா சாரனை எடுத்தார். ஒட்டின் இரண்டு பக்கமும் கட்டை விரலைக் கொடுத்து, வலையை இழுத்துப் பார்க்கிற இழுவையாகவே இழுத்தார். இன்னும் ஒரு தரம், மூலையில் பிடித்து இழுத்தார்.

"பிரியல்ல" என்றார். அதிபர் பக்கம் திரும்பினார். "சேர், நான் முறைப்பாடு ஒண்டும் சொல்ல வரல்ல."

"அப்ப ஏன் வந்த?"

"சாரன் பொத்த வந்த."

அதிபர் என்னைப் பார்த்தார். நான் வெற்றியைக் காட்டாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்தக் கிழமையே மிச்ச ஆறு கட்டத்தையும் இணைத்துவிட்டேன். விரித்தபோது பிள்ளைகள் யாரும் இடம் பிடிக்க ஓடவில்லை. ஒவ்வொருவரும் தன் கட்டத்தைத் தேடிப் போய் உட்கார்ந்தார்கள். எழுதிப் போட்ட பாய் நான் மாற்றலாகிப் போகும்வரை வரவே இல்லை.

ஆனால் அந்தப் போர்வையை விடப் பெரிய பெருமை எனக்குச் சாரன் பொத்தியதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை கிடைத்தது. நான் அதைக் கண்ணால் காணவில்லை. அவன்தான் வந்து சொன்னான், புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல்.

"டீச்சர், வாப்பா அந்தச் சாரன உடுத்துட்டுத்தான் ஜும்ஆக்கு வந்த. முன்னுக்குப் போயிட்டார், முதல் சஃப்புக்கு."

முதல் வரிசை. போன வாரம் கையைப் பின்னால் பொத்திக்கொண்டு வெளியே வந்த மனுஷன், அதே ஆட்களைத் தாண்டி, இரண்டு கையையும் வீசிக்கொண்டு முன்னால் போயிருக்கிறார்.

"ஒருத்தரும் ஒண்டும் கேட்கல்லயா?"

"கேட்டாங்க. ஆர் பொத்தின எண்டு கேட்டாங்க. வாப்பா திரும்பி என்னக் காட்டின."

"நீ எங்க நிண்ட?"

"சின்னப் புள்ளையளோட, கடைசி சஃப்புல." மூச்சு வாங்கினான். "அங்க இருந்தே சிவப்புத் தெரிஞ்சிச்சி டீச்சர்."