நேரத்துக்குப் போடாத கன்னடப் பாட்டு

ஓசூரில் ஒரு பள்ளியின் பிளஸ் டூ பிரிவுபசார விழாவுக்கு டிஜேயாகப் போயிருந்தேன். தமிழ்க் குத்துப்பாட்டுக்கு அரங்கமே ஆடிக்கொண்டிருந்தது. கர்நாடக எல்லையோரத் தளிப் பக்கத்து மாணவிகள் சிலர் மட்டும் சுவரோரம் நின்றிருந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி என்னிடம் வந்தாள். "அண்ணா, ஒரே ஒரு கன்னடப் பாட்டு போடுங்கண்ணா. நாங்களும் ஆடுவோம்."

என் வீட்டிலும் கன்னடம்தான். ஆனால் அந்தப் பாட்டைப் போட்டால் பையன்கள் கூச்சலிடுவார்கள் என்று பயந்தேன். "எனக்குக் கன்னடமே தெரியாதும்மா" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "மத்தியானம் ஸ்பீக்கர் கட்டறப்போ உங்கம்மாகிட்ட போன்ல கன்னடத்துலதானே பேசினீங்க?"

அவள் கோபப்படவில்லை. "நீங்களும் எங்கள மாதிரிதானாண்ணா? நாங்களும் கிளாஸ்ல கன்னடம் பேசமாட்டோம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

எனக்குத் துணிச்சல் வர இன்னும் இரண்டு பாட்டு ஆனது. நல்ல கன்னடப் பாட்டாகத் தேடிப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். சுவரோரம் யாருமில்லை. தளி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டார்களாம்.

யாரும் கூச்சலிடவில்லை. நான் பயந்த அதே பையன்கள் அந்தப் பாட்டுக்கும் குதித்துக் குதித்து ஆடினார்கள். அவளிடம் கன்னடத்திலேயே ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம் என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.