தானே போர்த்திக்கொள்ள ஒரு பொன்னாடை

திருமுல்லைவாயிலில் எங்கள் அடுக்ககத்தின் நான்காம் மாடியில் இருந்தார் அந்தப் பிரசவ வார்டு நர்ஸ். கொரோனா நாட்களில் கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். கன்னத்தில் மாஸ்க் அழுத்திய தடம் மறையவே மறையாது. அப்படியும் அவர் லிஃப்டில் ஏறக் கூடாதென்று குடியிருப்போர் சங்கம் தடை போட்டிருந்தது.

அதே சங்கம் ஒருநாள் அவரைப் பாராட்டியது. செயலாளர் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பொன்னாடையை வைத்துவிட்டு எட்டப் போய் நின்றுகொண்டார்.

"நீங்களே எடுத்துப் போத்திக்கங்க சிஸ்டர், போட்டோ எடுத்துடலாம்."

"அது கெடக்கட்டும் சார். காலு வீங்கிக்கினு கீது, இன்னிக்கு மட்டும் லிஃப்ட்ல போவட்டுமா?"

"அத மட்டும் கேக்காதீங்க."

அவர் படியேறினார். பால்கனிகளில் கைதட்டினார்கள்.

பொன்னாடை அங்கேயே மழையில் நனைந்து நாறியது. அவர் விரல்கூடப் படாத அதைத் தொட ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.