தவக்காலத்தில் நின்ற வலி

அப்பாவின் வலது கால் பெருவிரல் வீங்கிவிட்டால் எங்கள் வீட்டில் ஃபேன் போட மாட்டோம். காற்று பட்டாலே துடித்துப்போவார். பாடி பக்கம் ஒரு கம்பெனியில் நாள் முழுக்க நின்று லேத் மெஷின் ஓட்டியவர். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, நொண்டிக்கொண்டே ஷிப்டுக்குப் போவார். சூட்டு உடம்பு என்று நாங்களே அதற்கொரு பெயரும் வைத்திருந்தோம்.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அம்மா நச்சரித்து அவரை டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஊசி என்றால் அப்பாவுக்கு நடுக்கம். தவக்காலம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டார். ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளும் எங்கள் வீட்டில் கறி கிடையாது, அப்பாவுக்குக் குடியும் கிடையாது. அந்த வருடம் என் பங்குக்கு நானும் தினமும் முழங்காலில் நின்று அப்பாவுக்காகச் செபமாலை சொன்னேன்.

வீக்கம் வடிந்துவிட்டது! ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிறன்று அப்பா கோயிலுக்கு நடந்தே வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன்.

"நாளைக்கி போயி ரத்தம் குட்த்துட்டு வந்துருய்யா," என்றாள் அம்மா.

"இன்னாத்துக்கு? என் பொண்ணு வேண்டிக்கினா, மாதா கேட்டுக்கினாங்க. ஊசியும் வாணாம், ஒண்ணும் வாணாம்." அப்பா சீட்டைக் கிழித்துப் போட்டார்.

அம்மா விடவில்லை. அப்போது நான் கேட்டேன், "உனக்கு மாதா மேல நம்பிக்கையே இல்லியாம்மா?"

அவள் என்னையே பார்த்தாள். அதன்பிறகு டாக்டர் பேச்சை எடுக்கவேயில்லை.

ஈஸ்டருக்கு மாட்டுக்கறிக் குழம்பு, ஈரல் வறுவல், மாமாவோடு பாட்டில். மூன்றாம் நாள் விரல் மறுபடி சிவந்தது. என் செபத்தில்தான் குறை என்று அழுதேன். அடுத்த தவக்காலத்தில் வலி நின்றது. ஈஸ்டர் முடிந்ததும் வந்தது. வருடா வருடம் இதே கதைதான். தட்டில் இருந்ததை ஒருவரும் யோசிக்கவில்லை. கை மூட்டுகளில் கட்டி கட்டியாகப் புடைத்தது, மாத்திரை தினப்படியானது. நான் பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பதற்குள் இரண்டு கிட்னியும் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் கவுட் என்றார்கள். ரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறுகிற நோயாம்; கறியும் குடியும் அதைக் கூட்டுமாம். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் மருந்திலேயே கட்டுப்பட்டிருக்கும் என்றார்கள். டயாலிசிஸ் படுக்கையில் கிடந்தபடி அப்பா நர்சிடம் பெருமையாகச் சொன்னார், "சின்ன வயசுல இவ வேண்டிக்கினுதாம்மா நான் எந்திரிச்சு நடந்தேன்." எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. அம்மா என் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த தவக்காலத்துக்கு அப்பா இல்லை.

ஐந்தாம் வகுப்பில் நான் கேட்ட அந்தக் கேள்விக்கு அம்மா வாயை மூடிக்கொண்டபோது, அவளுக்கும் விசுவாசம் வந்துவிட்டது என்றுதான் நான் சந்தோஷப்பட்டேன்.